எங்கள் தெருவில் விழுந்த வெள்ளைக் கோடு

தெருவின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடர் கோடு விழுந்தால் பெரிய அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். வடசென்னையில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாக்கடை நிற்கும், அதன் பக்கத்தில் கோடு விழும், ஜீப் வந்து போகும். கோடு மூன்று நாளில் காற்றோடு போய்விடும். சாக்கடை போகாது. இன்றைக்கும் அந்த நெடி மூக்கில் ஏறினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் ஒரே ஒரு முறை அந்தக் கோட்டை எங்களுக்காக வேலை வாங்கினாள் என் அத்தை.

எனக்கு அப்போது எட்டு வயது. திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டை ஒட்டி முன்தெரு. அதற்கும் பின்னால் எங்கள் தெரு. முன்தெரு மேடு, நாங்கள் பள்ளம். மழை பெய்தால் இரண்டு தெருத் தண்ணீரும் எங்கள் வீட்டுக்குள்தான் வரும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து, அதன்மேல் அரிசி மூட்டையை ஏற்றி, அதற்கும் மேல் என்னை ஏற்றி உட்கார வைப்பார்கள்.

அந்த வருஷம் மழைநீர்க் கால்வாய் தோண்டினார்கள். முன்தெருவோடு நிறுத்திக்கொள்வதாகத் திட்டம். மேட்டுத் தண்ணீரை எல்லாம் வாரி எங்கள் தெரு முனையில் கொட்டிவிட்டுக் கால்வாய் முடிந்துவிடும். இதை வரைந்தவனுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நைனா மனு எழுதிக்கொண்டு போனார். கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்றார். கடைசியில் ஆபீசில் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார்களாம். எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் காலி நிலம் என்று போட்டிருந்ததாம். வீட்டுக்கு வந்து, "மேப்புல நாம இல்லியாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நைனாவின் தங்கைதான் அத்தை. எங்களோடுதான் இருந்தாள். குப்பை அள்ளும் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. விடிவதற்குள் வேலைக்கான பச்சைக் கோட்டு ஒன்றைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். நைனா படுத்துக் கிடந்ததைப் பார்த்தாள். "மேப்புல இல்லாட்டி இன்னா, கண்ணுல படட்டும்" என்றாள்.

அதே வாரம் கால்வாய் வேலையைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். மேஸ்திரி முன்தெருவில் ஷாமியானா போட்டு, நாற்காலி அடுக்கி, டீக்கும் பிஸ்கட்டுக்கும் சொல்லிவிட்டார். மெயின் ரோட்டிலிருந்து ஷாமியானா வரை கோடு போடும் வேலை அத்தைக்கு. டிரைவர் ஊருக்குப் புதுசு. வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தால் போதும் என்று அவனுக்குப் போனில் சொல்லிவிட்டார்களாம்.

காலை ஆறு மணிக்கு அத்தை என்னை எழுப்பினாள். என் கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள். "கோலம் போடுற மாதிரிதான் கண்ணு. கண்ணுல மட்டும் வச்சிக்காத." மெயின் ரோட்டில் ஆரம்பித்தோம். அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். முன்தெரு திரும்பும் இடம் வந்தது. அத்தை திரும்பவில்லை, நேராக நடந்தாள். நானும் நடந்தேன். எங்கள் தெருவுக்குள் நுழைந்து, முந்தின வாரத்து மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கி நின்ற இடத்தில் கோட்டை முடித்தோம். என் கோடு கோணல். அத்தையின் கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது.

ஜீப் வந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து, தண்ணீருக்குள் இறங்கி, சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. அதிகாரி ஒரு பெண். கதவைத் திறந்து காலை வைத்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட வந்தவரிடம் இது எந்தத் தெரு என்று கேட்டார். அவர் வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காலி இடம் மேடம்."

வாசலில் நின்ற அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. "காலி இடமா? அப்போ நாங்க இன்னா, பேயாய்யா? துணி காயுது, சோறு பொங்குது, புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது, காலி இடமாம்!"

தெருவே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. வரைபடத்தை வாங்கினார், பேனாவைத் திறந்தார், ஜீப் பேனட்டின் மேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

அதற்குள் மேஸ்திரி முன்தெருவிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார். தண்ணீரில் நின்ற ஜீப்பைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "யார் இங்க பவுடர் போட்டது?" என்று கத்தினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தை காலி கோணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரோ மாதிரி நின்றிருந்தாள். பெரியவர்களுக்கே தெரியாத பதில் எனக்குத் தெரிந்திருந்தது. கவரோடு வெள்ளையாய் இருந்த கையைத் தூக்கினேன்.

"நானும் எங்க அத்தையும்!"

மறுபடியும் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அத்தை மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா சார். கலீஜா இருந்துச்சு, போட்டேன்" என்றாள்.

கால்வாய் எங்கள் தெருவுக்கு வந்தது. அடுத்த மழைக்கு அரிசி மூட்டையைத் தரையிலேயே விட்டோம். அந்தக் கால்வாயை வாங்கித் தந்தவள் என் அத்தை. மனுவும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அத்தை வீட்டில் இருந்தாள். பச்சைக் கோட்டு கொடியில் தொங்கியது. எனக்குத் தலை பின்னிவிட்டாள். அடுத்த நாளும் இருந்தாள், அதற்கடுத்த நாளும். பவுடர் போட்டதற்குப் பரிசாக ஆபீசில் அவளுக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். தினமும் சாயங்காலம் அவள் மடியில் ஏறிக் கேட்பேன், "நாளைக்கும் லீவா அத்தை?"

"நாளைக்கும்தான் கண்ணு" என்பாள். நான் கை தட்டுவேன்.