முதுகில் விழுந்த வேப்பம்பழம்

கோ-கோ ஆட்டத்தில் ஓடுகிறவளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். உட்கார்ந்திருப்பவளை யார் பார்த்தது? எட்டுப் பேர் ஒரே கோட்டில், ஒருத்தி கிழக்கே, அடுத்தவள் மேற்கே என்று முகம் மாற்றிக் குந்தியிருக்க வேண்டும். விரட்டி வருகிறவள் பின்னாலிருந்து முதுகில் தட்டி, 'கோ' என்று கத்தினால்தான் எழுந்து ஓடலாம். அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், எட்டாம் வகுப்புக்கு, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சேர்ந்தேன். மற்றவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். அவர்களிடம் ஏழு வருடத்துச் சிரிப்பு சேர்ந்து கிடந்தது. என்னிடம் 'உள்ளேன் டீச்சர்' மட்டும். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம். நடுவில் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு.

வாரத்தில் இரண்டு நாள் கடைசி மணி பி.டி. பீரியட். ஒருத்திக்கு அம்மை போட்டு ஆள் குறைந்ததால், பி.டி. டீச்சர் என்னைக் கடைசிக் கட்டத்தில், வேப்பமர நிழலில் உட்காரவைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒருத்தியும் எனக்குக் கோ கொடுக்கவில்லை. பகை என்று சொல்ல மாட்டேன். தெரிந்த முதுகைத்தானே கை தேடும். காலடி வரும், நெருங்கும், முதுகு விறைக்கும், தாண்டிப் போகும். முதுகால் கேட்கப் பழகினேன். ஐம்பதைத் தாண்டியும் விடிந்ததும் நடக்கப் போகிறேன், தனியாகத்தான். பின்னால் காலடி கேட்டால் முதுகு இன்றும் விறைக்கிறது. தாண்டித்தான் போகிறார்கள்.

ஆனி மாதம், பழம் உதிரும் காலம். ஒரு நாள் முதுகில் 'பட்'டென்று ஒரு தட்டல். பாய்ந்து எழுந்தேன். விசில் கேட்டது, எனக்கென்று தோன்றவில்லை. எதிரணியில் ஓடிக்கொண்டிருந்தவள் சிம்மக்கல் வெங்காய மண்டிக்காரர் மகள், வகுப்பிலேயே வேகக்காரி. கம்பத்துக்கு இந்தப் பக்கமே அவளைத் தொட்டுவிட்டேன்.

"ஏ, யாருடி ஒனக்குக் கோ குடுத்தா?"

எல்லோரும் என் கட்டத்தைப் பார்த்தார்கள். மஞ்சளாக ஒரு பழம் கிடந்தது.

"வேப்பம்பழம் குடுத்துச்சுடீ!"

மைதானமே குலுங்கியது. சிம்மக்கல்காரி மட்டும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள். "இம்புட்டு வேகத்த எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?"

அடுத்த பீரியட் அணி பிரிக்கையில் என்னைத் தன் பக்கம் கேட்டு வாங்கினாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், முதுகில் முழு உள்ளங்கை. "கோ!" நிஜக் கோ. அந்தச் சூடு இறங்குவதற்குள் ஓடினேன். கம்பத்தைச் சுற்றி வந்தபோது எதிராளி கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவினாள். விரட்டுகிறவள் கோட்டைத் தாண்டக் கூடாது, உட்கார்ந்திருப்பவளுக்குக் கோ கொடுக்க வேண்டும். என் இடத்தில் இப்போது சிம்மக்கல்காரி குந்தியிருந்தாள். அவள் முதுகைத் தொட்டேன். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

"சொல்லுடி, சொல்லு!"

விசில். ஃபவுல்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று யாரோ கேட்டார்கள். பி.டி. டீச்சர் திட்டவில்லை. "அம்மை போட்டவ திங்கக்கிழம வந்துருவா. ஒனக்குச் சத்தம் வந்தா நீ ஒக்காரு, இல்லாட்டி அவ" என்றார்.

அந்தக் கட்டத்தைவிட்டால் எனக்கு மதுரையில் வேறு இடம் இல்லை. அங்கே ஓடிய பிறகுதான் விடுதிச் சோறு தொண்டையில் இறங்கியது. படுத்ததும் தூக்கம் வந்தது. ஓடிக் களைத்த உடம்பு அழ விடாது. சனியும் ஞாயிறும் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை நீட்டிக் 'கோ' என்றேன். தொட்டி திருப்பிச் சொன்னது. அத்தனை நாளில் எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

"உள்ள யாருடி, புறா கிறா அடஞ்சுருச்சா?" வெளியே வாளியோடு ஒரு அக்கா.

திங்கட்கிழமை கடைசி மணி அடித்தது. கணக்கு டீச்சர் சாக்பீஸோடு உள்ளே வந்தார். "இன்னைக்கு பி.டி. கெடையாது. பரீட்ச வருது."

ஜன்னலுக்கு வெளியே மைதானம் காலியாகக் கிடந்தது. அம்மைக்காரி வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த சத்தம் தொண்டையில் நின்றது. எனக்கு முன் பெஞ்சில் சிம்மக்கல்காரி, முதுகைக் காட்டிக்கொண்டு, கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கை தானாகப் போனது.

"கோ!"

அவள் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நாலடி ஓடிய பிறகுதான் நின்றாள்.

"ரெண்டு பேரும் வெளிய!"

வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றோம். அவள் என் பக்கம் திரும்பாமல் விரலில் பட்ட மையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, இவளும் போச்சு என்று நினைத்தேன்.

"சத்தம் வந்துருச்சுல்ல?"

"ம்."

"ம்-மா? அம்புட்டுத்தானா?"

"வந்துருச்சு" என்றேன்.

"டீச்சர்ட்ட நான் சொல்றேன். அம்மைக்காரியும் நானும் என் எடத்துல மாத்தி மாத்தி ஒக்காந்துக்குறோம். கடைசிக் கட்டம் ஒன்னோடதுதான்."

பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் முதுகைத் திருப்பி நின்றாள்.

"இன்னொருக்கக் குடு. மெதுவா."