படகுத்துறை முனையில் நின்ற ஆள்

இன்று காலை மூணாறு ஏரி. வெறும் பனியும் தண்ணியும் இருந்தால் படம் செத்துப்போகும். படகுத்துறைப் பலகைகள் வேண்டும், அளவு தெரிய முனையில் ஒரு ஆள் வேண்டும். ஜீப் டிரைவர் அண்ணனைப் போய் நிற்கச் சொல்லியிருந்தேன்.

மூடுபனிக்குள் உருவம் தெரிந்தது.

"அண்ணா, இன்னும் ரெண்டடி பின்னாடி போங்க!"

போனார். கிளிக்.

என் முதுகுக்குப் பின்னால் டிரைவர் குரல்: "யாரப் பாத்து தம்பி கத்துறீக? நான் டீ வாங்கல்லா போனேன்."

ஓடினோம். முனையில் யாரும் இல்லை. அதற்குப் பின்னால் ஏரிதான். பின்னாடி போகச் சொன்னது நான்தான். தண்ணீரில் அசைவே இல்லை. பலகைகளை மூடிய உறைபனியில் எங்கள் காலடித் தடம் மட்டும்தான்.

படத்தில் ஆள் இருக்கிறார். ஃபோகஸ் கச்சிதம்.

அது நீங்கள் என்றால் லைக் வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு கமெண்ட் போடுங்கள்.