கருவாட்டு வாசனைக்குள் இன்னொரு வாசனை

நாய் பின்பக்கத்தைத் தரையில் வைத்து இழுத்தால் வயிற்றில் பூச்சி என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கும் அதற்கு மேல் தெரியாது. என்னுடைய பெட்டை நாய் முற்றத்துச் சீமெந்தில் குந்தி, முன்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு போனபோது, பாகல் இலையை இடித்துச் சாறு பருக்கினேன். பிறகு கடையில் பூச்சிக் குளிசை வாங்கிச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். மறுபடியும் தொடங்கினாள். பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்ன மச்சாள், உங்கட மகள் தரையில வள்ளம் வலிக்கிறாள்."

"உன்ட புருஷன் குடிச்சிட்டு வாற நடையை விட இது திறம்" என்பேன்.

எனக்குக் கருவாடுதான் தொழில். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீன் எடுத்து, வெட்டி, கழுவி, உப்பில் போட்டு, காயவைத்து விற்பேன். புருஷன் இருந்த காலத்திலும் அதுதான், அவர் போன பிறகும் அதுதான். என் கருவாட்டில் மணல் இருக்காது, புழு இருக்காது. உப்பு கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. பெருமை என்று சொன்னால் பெருமைதான், இருக்கட்டும்.

காய்ந்த கருவாட்டைச் சாக்கில் கட்டி வைக்க வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. நாய் படுப்பது அங்கேதான். குட்டியாக வந்த நாளிலிருந்து பூனையை அந்தப் பக்கம் வரவிட்டதில்லை. அதற்குச் சம்பளம்போல, மீன் வெட்டும்போது தலை, குடல், முள் எல்லாம் அவளுக்கு. உடைந்த கருவாட்டுத் துண்டையும் சோற்றோடு பிசைந்து வைப்பேன். நான் தின்கிறதைத்தானே கொடுக்கிறேன், அவளுக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன்.

கருவாடு எடுக்க மதுரங்குளியிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். வயதில் என்னை விட இளையவர்தான், ஆனாலும் அவர்கள் அண்ணனைச் சொல்கிறதுபோல நானா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் என்னை அக்கா என்பார். சின்னப் பட்டா லொறியை வாசலில் நிறுத்திவிட்டு, சாக்கின் வாயை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். பிறகுதான் தராசு. பல வருடமாக அப்படித்தான்.

ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, முகத்தை உடனே எடுக்காமல் நின்றார்.

"அக்கா, கோபிக்காதீங்க. இதுல வேறொரு வாசம் இரிக்கி."

"கருவாட்டுல கருவாட்டு வாசம்தான் இரிக்கும். மல்லிகை வாசம் வேணுமெண்டா பூக்கடைக்குப் போங்க."

சிரித்துக்கொண்டு ஏற்றிப்போனார். அடுத்த முறை வரும்போது சிரிப்பில்லை. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டார்களாம். அன்றைக்கு இருந்த சாக்குகளையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, கட்டி அப்படியே வைத்தார்.

"இப்படி எண்டா நான் எடுக்கேலாது அக்கா. என்ட கடைக்கும் பேர் ஒண்டு இரிக்கிதானே."

எனக்கு உச்சியில் ஏறியது. "உங்கட மூக்குக்கு வயசு போயிட்டு" என்றேன். "என்ட வீட்டுக் கருவாட்டுக்கு ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல."

அவர் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வெறும் வாகனம் குலுங்கிக்கொண்டு போன சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு உப்புத் தொட்டியை உரஞ்சிக் கழுவினேன். உப்பை மாற்றினேன். அறைக்குள் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. மச்சாளைக் கூப்பிட்டுக் காட்டினால் அவளுக்கும் தெரியவில்லை. தெரியாதுதான். அவளுடைய வீட்டிலும் மீன், தெருவிலும் மீன், நாங்கள் உடுத்தியிருக்கிற துணியிலும் மீன்.

அந்த நேரத்தில்தான் சிலாபத்தில் இருக்கிற என் தங்கச்சிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேசன் செய்தார்கள். சமைத்துப் போட ஆளில்லை என்று நான் போய்க் கொஞ்ச நாள் நின்றேன். தங்கச்சியின் மருமகன் கடையில் வேலை செய்கிறவர், அந்த வீட்டில் மீன் வாடை கிடையாது. சவர்க்கார வாசமும் பேக்கரிப் பாண் வாசமும்தான். நாயை மச்சாள் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்து, பையை வைத்துவிட்டுக் கருவாட்டு அறைப் பக்கம் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். கருவாட்டு வாசம் ஒரு பக்கம் இருந்தது. அதற்குள்ளே இன்னொன்று இருந்தது. கெட்டுப்போன மீன்போல, பழைய தகரத்தை நக்கினதுபோல. நானா சொன்னது இதைத்தான். ஊரை விட்டுப் போய், என் மூக்கு கொஞ்சம் ஓய்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அறுபது வருடத்துக்கு மேல் மீனோடு கிடந்த மூக்கை நம்பி அந்த மனுஷனைப் பேசினேனே என்று இருந்தது.

கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்து மோந்தேன். நடுவில் இருந்தது சுத்தம். சாக்கை ஒட்டிக் கிடந்ததில்தான் நாற்றம். சாக்கைப் பார்த்தேன். மேலே ஒரு குழி விழுந்திருந்தது, நாய் சுருண்டு படுக்கிற குழி. அதில் மண்ணிறமாக ஒரு கறை ஊறியிருந்தது. அப்போது அவள் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலில் உரசினாள். வாலைத் தூக்கிப் பார்த்தேன். மலம் போகிற இடத்துக்கு ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

த்ரீவீலரில் ஏற்றி, புத்தளத்தில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். டிரைவர் வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டினான். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு, வீங்கின இடத்தை அமத்தினாள். ஊறுகாய்ப் போத்தலின் அடியில் கிடக்கிற தண்ணீர்போல ஒன்று வந்தது. வெளியே மர வாங்கில் பூனையோடு இருந்த மனுஷி எழும்பித் தூரப் போனாள். எனக்கோ அதற்குள் அந்த நாற்றம் மறுபடியும் பழகிவிட்டிருந்தது.

"அம்மா, இது பூச்சி இல்ல" என்றாள் டொக்டர். "எல்லா நாய்க்கும் இங்க ரெண்டு சின்னப் பை இரிக்கி. அதுக்குள்ள இந்தத் தண்ணி ஊறும். நாய் வெளிக்குப் போகக்குள்ள மலம் பருமனா வந்தா, பை தானா நசுங்கி, தண்ணி வெளிய போயிடும். இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

சொன்னேன். கருவாடு என்றதும் என்னைப் பார்த்தாள்.

"அந்த உப்பு நாய்க்குக் கூடாது அம்மா. முள்ளும் எலும்பும் திண்டா மலம் கல்லாகும். குடல் திண்டா தண்ணியா போகும். ரெண்டுலயும் பை வெறுமையாகாது. அதுக்குத்தான் தரையில தேய்க்கிற."

நாய்க்கென்றே விற்கிற நார்ச்சத்து மா ஒரு பேணி எழுதித் தந்தாள். அது முடிந்தால் பார்மசியில் மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோல் உமியே போதும் என்றாள். அவித்த பூசணிக்காயும் கலக்கலாம், முள் எடுத்த உப்பில்லாத மீன் கொடுக்கலாம், தண்ணீர் எப்போதும் வைக்க வேண்டும் என்றாள். பேணியில் இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்தது, ஒரு பக்கத்தில் சிரிக்கிற நாய்ப் படம். என்னால் வாசிக்க முடிந்தது அந்தப் படத்தைத்தான்.

நல்லது என்றால் கொஞ்சம் கூடப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்கிறவள் நான். கரண்டி நிறைய அள்ளி வெறும் சோற்றில் தூவினேன். அவளுக்கு வெளிக்கே போகவில்லை. வேலியோரம் குந்துவதும் எழும்புவதுமாக நின்றாள். டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"தண்ணியில ஊறவிட்டீங்களா அம்மா?"

"இல்ல மகள்."

"ஊறாம போட்டா வயித்துக்குள்ள போய்த் தண்ணியக் குடிச்சு அடைச்சிடும். சின்னக் கரண்டியால போடுங்க. ஊறவிட்டுப் போடுங்க."

ஊறவிட்டுப் பார்த்தேன். கசகசா ஊறினதுபோலப் பொங்கி வழுவழுவென்று வந்தது. இது வயிற்றுக்குள் என்ன வேலை செய்யும் என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பூசணிக்காயை மசித்து, மீனை உதிர்த்து, அதையும் சேர்த்துப் பிசைந்து வைத்தேன். முதலில் மோந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலை எங்கே, முள் எங்கே என்று கேட்கிற பார்வை. சட்டியை அங்கேயே விட்டேன். பசி வந்ததும் தின்றாள்.

அதற்குப் பிறகு காலையில் என் முதல் வேலை நாய் வெளிக்குப் போன இடத்தைப் பார்ப்பது. மச்சாள் விடுவாளா.

"மனுசருக்குக் கூட நீங்க இப்படிக் குனிஞ்சு பாத்ததில்ல."

"மனுசர் வாயால சொல்லுவாங்க. இதுக்கு வாய் அங்கதான் இரிக்கி."

பேணி முடிந்ததும் இசப்கோல் உமிக்கு மாறினேன். மெதுவாகச் சரிவந்தது. மலம் நல்ல பருமனாகப் போனது. இழுப்பது குறைந்து, பிறகு நின்றது. நாய்க்குச் சோறு பிசைகிற நேரத்தில் நான் நினைப்பதுண்டு: தலையும் முள்ளும் வைத்தது பாசம் என்று எண்ணியிருந்தேன், அவளுக்கு எது பொருந்தும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவளும் நன்றியோடு தின்றுவிட்டு நோவைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கறைபட்ட சாக்குகளையும் அதில் ஒட்டியிருந்த கருவாட்டையும் எரித்துவிட்டேன். அறையைக் கழுவி, புதுக் கருவாடு புதுச் சாக்கில் கட்டினேன். ஆனால் நானா வரவில்லை. வேறொருத்தருக்கு விற்க மனமில்லை. இவர் வேண்டாம் என்று விட்டுப்போன கருவாடு என்று ஊரெல்லாம் கதை போயிருக்கும்.

ஒரு நாள் போன் வந்தது. "அக்கா, இன்னும் கோபமா? நாளைக்கு அந்தப் பக்கம் வாறன், பாக்கட்டா?"

"வாங்க" என்றேன்.

மச்சாளிடம் சொன்னதும் அவள் வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். "நாய்க் கதையை மட்டும் வாயில எடுக்காதீங்க மச்சாள். அவங்களுக்கு நாய் பட்டாலே கழுவ வேணும். பைத் தண்ணி பட்ட கருவாட்டைத்தான் ஏத்திப் போனார் எண்டு தெரிஞ்சா, இனி இந்த வாசலுக்கு வருவாரோ? இப்ப எல்லாம் சுத்தம்தானே."

அவள் சொன்னதில் பிழையில்லை. நாங்கள் அவர்களோடு சேர்ந்துதான் பிழைக்கிறோம், எது ஆகும் எது ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். நானும் பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

நானா வந்தார். சாக்கை அவிழ்த்தார், முகத்தை விட்டார், நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இதுதான் அக்கா உங்கட கருவாடு. போன முறை உங்கட உப்பு பிழைச்சிரிக்கும். மழைக்காலத்துல ஆருக்கும் வாறதுதான்."

என் மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் உப்புப் பிழைத்தது என்று கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. இன்னொன்றும் இருந்தது. அவருடைய வீட்டுச் சட்டியிலும் என் கருவாடுதான் பொரிகிறது.

"உப்பு பிழைக்கல்ல நானா" என்றேன். "நாய்க்கு வருத்தம். சாக்குக்கு மேல படுத்தது. அதுட தண்ணிதான் ஊறினது. நீங்க ஏத்திப் போனதுலயும் பட்டிரிக்கும்."

சாக்கைப் பிடித்திருந்த கையை எடுத்தார். கையைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளின் விளக்குமாற்றுச் சத்தம் நின்றுவிட்டது.

"இந்தச் சாக்குலயும் படுத்ததா?"

"இது புதுசு. பழசை எரிச்சிட்டன். அவள் இப்ப முன் விறாந்தையிலதான் படுக்கிற."

ஓர் அடி தள்ளி நின்றார். பிறகு, "இத நீங்க சொல்லாம இரிந்திரிக்கலாமே அக்கா" என்றார்.

"உப்பு பிழை எண்டு சொன்னீங்களே."

"அப்ப உப்புக்காகத்தான் சொன்னீங்களா?"

"அதுக்கும்தான்."

சிரிக்கவில்லை. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற ஹஸ்ரத்திடம் இதற்கு என்ன முறை என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, தராசை இறக்காமலே போய்விட்டார்.

அன்றைக்கு மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. எத்தாளையில் மிளகாய்த் தோட்டம் செய்கிற என் தம்பி, நாயைத் தன்னிடம் விடச் சொன்னான். நாயை அனுப்பினால் நானா வருவார் என்று அவனுக்கு எண்ணம். அங்கே யார் இவளுக்கு உமி ஊறவிட்டுக் கொடுப்பார்கள்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, பகல் முழுக்க வாகனச் சத்தத்துக்கே காது கிடந்தது. புதுக் கருவாட்டை எடுத்து வெயில் காட்டுவதும், திரும்பக் கட்டுவதுமாக இருந்தேன். காயாத கருவாடில்லை அது.

நானா வந்தபோது வாசலில் நின்றே கேட்டார். "நாய் எங்க?"

"கட்டியிரிக்கன்."

உள்ளே வந்தார். "தெரியாம நடந்ததுக்குக் குத்தம் இல்லையாம். பட்ட சாமானை மண்ணும் தண்ணியும் போட்டுக் கழுவுற முறை இரிக்கி, வீட்டுல எல்லாம் கழுவியாச்சு. பொஞ்சாதி உங்களுக்கு நல்லா ஏசினா." வாகனத்திலிருந்து ஒரு கட்டுப் புதுச் சாக்கை எடுத்து வைத்தார். "இனி என்ட சாக்குலதான் கட்ட வேணும். அந்த அறைக்கு ஒரு கதவும் போடுங்க."

"போடுறன்."

"அதுக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

"இசப்கோல் உமி. தண்ணியில ஊறவிட்டு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத நான்தானே அக்கா ஒவ்வொரு ராவைக்கும் குடிக்கிற."

"நல்லது. பூசணிக்காயும் சேத்துக்கோங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தராசை இறக்கி, கருவாட்டைத் தன் சாக்குக்கு மாற்றிக் கட்டத் தொடங்கினார். இந்த முறை மோந்து பார்க்கவில்லை. வெட்கப்படுத்தக் கூடாது என்று விட்டிருப்பார்.

"மோந்து பாருங்க" என்றேன்.

"தேவையில்ல அக்கா."

"பாருங்க நானா."

கட்டின வாயை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு, ஆறுதலாக மூச்சை இழுத்தார்.

"கருவாடு மட்டும்தான் நாறுது" என்றார். பிறகு சாக்கைத் தூக்கித் தராசில் வைத்தார்.