முந்நூறு இடம் தள்ளி உட்கார்ந்த புரோகிராம்

என் மருமகளுக்கு நில அளவை ஆபீஸில் தற்காலிக வேலை. படம் வரைந்து காட்டுகிற பெரிய கால்குலேட்டருக்கு அவள் எழுதிய புரோகிராமை வைத்துத்தான் அங்கே வயல்களுக்குத் திசை பார்க்கிறார்கள். ஆறு வருஷமாக ஒரு புகார் வந்ததில்லை.

இந்த வருஷம் புது மாடல் வந்தது. பழைய மிஷினில் புரோகிராம் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். "இருபத்தோராயிரத்து நூறாவது இடத்துக்குப் போ" என்று எழுதினால் ஒழுங்காகப் போகும். புதியதில் புரோகிராமை ஏற்றி ஓட்டுவதற்கு ஷெல் என்று ஒன்று இருக்கிறதாம். அது புரோகிராமை முந்நூறு இடம் தள்ளி உட்காரவைக்கிறது. பழைய எண்ணோடு போனால் அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள். அதனால் இடத்தைக் குறிக்கிற எண்களையெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். ஷெல் ஒவ்வொன்றிலும் முந்நூறு கூட்டிக்கொள்ளும். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரிகிற மாதிரிதான் சொல்வாள், நல்ல பிள்ளை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு மிஷின்லயும் ஓடணும். இல்லேன்னா புரோகிராமை வெளியில வாங்கிக்கறோம், நீங்க வர வேண்டாம்" என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

ஓடியது. ஆனால் புது மிஷினில் வடக்கைத் தாண்டித் திரும்புகிற கோடுகளில் மட்டும் ஐந்து டிகிரி கூடுதலாக வந்தது. மூன்று நாள் குடைந்து பார்த்தாள். என்னால் முடிந்தது பிரார்த்தனை, அதைச் செய்தேன்.

வியாழன் மாலை, அளவுச் சங்கிலி பிடிக்கிறவர் பழைய மிஷின், புது மிஷின் இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"ஏம்மா, உன் வட்டத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு டிகிரியா? வருஷத்தை வட்டமாக்கிட்டியே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, திரும்பச் சொல்லுங்க."

"எதை, கிண்டலையா?"

"வட்டத்துல அஞ்சு கூடுது. டிகிரிக்கு அறுபது நிமிஷம். அஞ்சுக்கு முந்நூறு, அத்தை."

வடக்கைத் தாண்டுகிற கோடுகளுக்கு மட்டும் ஒரு முழு வட்டத்தைக் கூட்ட வேண்டுமாம்; அந்த வட்டத்தை நிமிஷக் கணக்கில் இருபத்தோராயிரத்து அறுநூறு என்று எழுதியிருந்தாளாம். பார்த்தால் இடத்து எண் மாதிரியேதான் இருக்கும். பட்டியல் போடும்போது அதையும் சேர்த்துவிட்டாள். ஷெல் பாவம், சொன்னதைச் செய்தது. வட்டத்துக்கும் முந்நூறு கூட்டிவிட்டது.

பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்தாள். சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு மிஷினும் ஒரே விடை காட்டின. நம்பாமல் மூன்று தடவை அழுத்திப் பார்த்த சங்கிலிக்காரர், "என் கிண்டலுக்கு ஒரு டீயாவது கிடைக்குமா?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். "அடுத்த வருஷம் இன்னொரு மாடல் வருது. அதையும் நீங்களே பாத்துக்கங்க."

"அது எங்க உட்காரவெச்சாலும் ஓடும், அத்தை" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

அன்றைக்குப் பிரார்த்தனையில் அவள் பேருக்குப் பின்னால் அந்த ஷெல்லையும் சேர்த்துக்கொண்டேன்.