மாத்திரைக்கு ஒரு டம்ளர் பால்

என் அண்ணனுக்கு ஒரே ஒரு கிட்னிதான். இன்னொன்று என் வயிற்றுக்குள் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இரண்டும் கெட்டுப்போனபோது, டாக்டர் பேசி முடிக்கிறதுக்குள்ளேயே “என்னோடத எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டான். அப்போது அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டுக்காரர்கள் விஷயம் தெரிந்ததும் பின்வாங்கினார்கள். அந்தப் பெண் தப்பித்தாள் என்று சிரித்தான். அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்கவிடவில்லை. இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவன் பால் வண்டி ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் பண்ணையில் டிரே டிரேயாகப் பாக்கெட் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அறுபது கடை. வழியில் நாலு பாக்கெட்டாவது உடைந்து வண்டித் தரையெல்லாம் வழியும். எத்தனை தரம் கழுவினாலும் அந்தப் புளித்த வாடை வண்டியிலும் போகாது, சட்டையிலும் போகாது. போகிற வழியில் வண்டியை நிறுத்த இடமும் கிடையாது, ஒதுங்க இடமும் கிடையாது. அதனால் ஐயா தண்ணீரே குடிக்க மாட்டார். ஒத்தைக் கிட்னிக்காரன் இப்படி அடக்கி வைக்கலாமா என்று நான் கத்தாத நாளில்லை. சரி சரி என்பான், மறுநாளும் அதேதான்.

போன மாசம் ஒரு மத்தியானம் உடம்பெல்லாம் நடுங்க வந்து படுத்தான். தொட்டால் நெருப்பாய்க் கொதித்தது. கேட்டுக் கேட்டுப் பிடுங்கின பிறகுதான், மூணு நாளாகச் சிறுநீர் போகும்போது எரிகிறது என்று ஒத்துக்கொண்டான். மூணு நாள்! கோபத்தில் எனக்கு வாய் குழறியது. கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஏழு நாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, ரெண்டு நாளில் குறையவில்லை என்றால் உடனே வர வேண்டும், இருக்கிறது ஒண்ணே ஒண்ணு என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணனை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் அட்டையை எடுத்து வைத்து, “இதை எதோட சாப்பிடணும்னா...” என்று ஆரம்பித்தாள். எனக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நிற்கிற குணம்.

“எனக்குத் தெரியும்மா. பன்னெண்டு வருஷமா நான் மாத்திரையிலதான் உயிரோட இருக்கேன்.”

அவள் எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பேசாமல் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பொய் சொல்லவில்லை. அவன் கொடுத்த கிட்னியை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, காலை எட்டு, இரவு எட்டு என்று விழுங்குகிறேன். ஒரு வேளை தவறினதில்லை. அதனால் அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பேரே கடிகாரம். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மருந்துக் கடைப் பெண் பாடம் எடுப்பதா?

அண்ணனுக்குக் காலை ஏழு, சாயங்காலம் ஏழு. ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டம்ளர் நிறையப் பால். காட்டமான மாத்திரையாச்சே, வெறும் வயிற்றில் போட்டால் எரியுமே என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன். அவன் மாத்திரையை வாயில் போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பான். ஊருக்கெல்லாம் பால் சுமக்கிறவன், தனக்கென்று ஒரு டம்ளரை எவ்வளவு ருசித்துக் குடிக்கிறான் என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றான். நானும் கேட்டுத் தொலைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விலாவுக்குக் கீழே, மிச்சமிருந்த கிட்னிப் பக்கம், கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிரே தூக்கின வலி என்றான். மூணு நாளாக வண்டியே எடுக்கவில்லை, எந்த டிரேயைத் தூக்கினானாம்? அப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எப்போதும் ஒன்று புள்ளி ஒன்று இருக்கிற கிரியாட்டினின் இரண்டு புள்ளி நாலு. கிட்னி திணறுகிறது என்று அர்த்தம். எனக்கு அந்த எண்ணைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் எண் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

உடனே படுக்க வைத்து ஊசி வழியாக வேறு மருந்து ஏற்றினார்கள். டாக்டருக்கு ஒன்றுதான் புரியவில்லை. பரிசோதனை முடிவு வந்திருந்தது. இந்தக் கிருமி இந்த மாத்திரைக்குச் சாகிற கிருமிதான். நடுவில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டு, ஏழுக்கு ஏழு, ஒரு நிமிஷம் தப்பவில்லை என்றேன்.

“எதோட குடுத்தீங்க?”

“பாலோட, டாக்டர். ஒவ்வொரு வேளையும் முழு டம்ளர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பாலில் இருக்கிற கால்சியம் இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர வேண்டிய அளவு சேராது என்றார். அது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அது போதும் என்றார். கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தக் கடைப் பெண் பாதியில் மூடின வாய் என் கண் முன்னாலேயே நின்றது.

அடுத்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லேப் ஆள் ரத்தம் எடுத்துக்கொண்டு போனால், அவன் திரும்பி வரும் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கிட்னியை வாங்கிக்கொண்டேன், இன்னொன்றை என் கையாலேயே ஊற்றிக் கெடுத்துவிட்டேனா? அண்ணனோ, என் எட்டு மணி மாத்திரையைப் போட்டேனா என்று படுத்தபடியே விசாரித்துக்கொண்டிருந்தான். போட்டேன்.

மூன்றாம் நாள் ஒன்று புள்ளி ஆறு. வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று புள்ளி மூன்று. பழைய எண்ணுக்கு வருமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். மீதி நாளுக்கு அதே மாத்திரையைத்தான் எழுதினார்கள்.

மருந்துக் கடையில் அதே பெண். நான் வாயையே திறக்கவில்லை. பால், தயிர், கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து எதையும் இதனோடு சேர்க்காதீர்கள். மாத்திரை போட்ட பிறகென்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும், முன்னாலேயே சாப்பிட்டிருந்தால் ஆறு மணி நேரம் கழித்து மாத்திரை போடுங்கள். குதிகாலில் திடீரென்று வலித்தால் அடுத்த மாத்திரை போடாமல் டாக்டரைப் பாருங்கள் என்றாள். இன்னொரு தரம் சொல்லும்மா என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சொல்ல வந்தாள், நான்தான் வாயை அடைத்தேன், நீ ஆசையாய்க் குடிக்கிறாயே என்று வேறு டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன் என்று அழுதேன்.

“ஆசையா?” என்றான். “பால் வண்டியில ஏறின நாள்ல இருந்து எனக்குப் பாலே ஆகாது, கடிகாரம். அந்த வாடை வந்தாலே குமட்டும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊத்திக்குவேன்.”

“பின்னே ஏன் குடிச்சே? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீ கையில வச்சுக்கிட்டு நின்னியே.”

எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை நீட்டுவதற்கு முன்னால், தண்ணீர் போதுமா என்று அவனைக் கேட்டேன்.