கண்டியில் நிறைந்த வாளிகள்

காலை ஐந்து மணிக்குக் கோவில்பட்டியில் வேன் ஏறும்போதே முத்துலட்சுமியின் அப்பா எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டார். பிளஸ் டூ பரீட்சை முடித்த பதினெட்டுப் பெண்பிள்ளைகளை ஐந்து நாள் இலங்கைக்கு அழைத்துப்போகிறோம். பழைய மாணவிகள் கூடிச் செய்த ஏற்பாடு. புவியியல் டீச்சர் என்று பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். முத்துலட்சுமியின் அப்பா விளாத்திகுளம் பக்கத்தில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். மகளின் பையை வேனில் ஏற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"டீச்சர், இவ ஒரு நா எங்கள விட்டு இருந்தது கெடையாது. அஞ்சு நாளும் அழாம இருந்துட்டான்னா கோயம்புத்தூர் காலேஜுக்கு அனுப்புதேன். அழுதான்னா இங்கனயே பக்கத்துல சேத்துருவேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதான் ஒங்ககிட்டச் சொல்லுதேன்."

நல்ல கதைதான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவளுக்குக் கண்ணீர் பார்க்கும் உத்தியோகம். முத்துலட்சுமி வேன் ஜன்னலில் முகத்தை வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் விவசாயம் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக என் உயிரை எடுத்தவள் அவள்.

மதுரை விமான நிலையத்துக்கு நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கீழே கடல் அசையாமல் கிடந்தது. ஒரு படகு போட்ட வெள்ளைக் கோடு அப்படியே நின்றது. பிள்ளைகள் யாரும் பேசவில்லை. வகுப்பில் எத்தனை கத்தியும் கிடைக்காத அமைதி, ஆகாயத்தில் கிடைத்தது.

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கண்டிக்கும் ஏறத்தாழ அதே நூறு கிலோமீட்டர். பஸ் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியில் பால் விடாத ஒரு பிளேன்டீ அறுபது ரூபாய். நம் காசுக்குப் பதினேழு, பதினெட்டு வரும். வளைவுக்கு வளைவு பச்சை வந்துகொண்டே இருந்தது. வெறும் மண் எங்கேயாவது தெரியுமா என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. தூக்கத்தில் போகிற மாதிரியே இருந்தது.

இரண்டாம் நாள் கண்டி ஏரியைச் சுற்றி நடந்தோம். மூன்றாம் நாள் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் ஒரே மரத்தின் நிழலில் பதினெட்டுப் பேரும் படுத்துக்கொண்டார்கள். எழுப்ப எனக்கும் மனசு வரவில்லை, நானும் உட்கார்ந்துவிட்டேன். நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. இடையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முத்துலட்சுமியைப் பார்த்தபடியே இருந்தேன். வீட்டுக்குப் போன் பேசும்போதுகூட அவள் குரல் உடையவில்லை. பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் மாலை நாலு மணி. விடுதி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மலைக்குப் பின்னால் இடி உறுமியது. யாரும் யாரையும் கேட்கவில்லை. முத்துலட்சுமி குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மாடித் தாழ்வாரத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான். அறைக்கு அறை வாளி, கப்பு, கண்ணாடி டம்ளர், கழுவிய குப்பைத்தொட்டி என்று எல்லாம் வெளியே வந்துவிட்டது. வானம் பார்த்த பூமியில் பிறந்த கை, இடி கேட்டால் சும்மா இருக்குமா? பிள்ளைகளைத் தடுக்க வேண்டிய நான் என் அறையின் தேநீர்க் கெண்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

மழை அரைமணி நேரம் பெய்தது. ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போட்டது. எதிர்மலை காணாமல் போய், மெல்லத் திரும்பி வந்தது. வரிசையாக எல்லாம் நிறைந்து தளும்பி நின்றபோது, ஏனோ எங்கள் எல்லாருக்கும் வயிறும் நிறைந்த மாதிரி இருந்தது.

அப்போது விடுதிப் பணியாளர் ஒருவர், நரைத்த தலைக்காரர், மேலே வந்தார். அவர் கோபப்படவில்லை. கூரை ஒழுகியதென்று நினைத்திருப்பார் போல. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு வாளியாக எடுத்துத் தாழ்வாரத்துக்கு வெளியே கவிழ்த்தார். நாலாவது வாளி கவிழ்ந்ததும் முத்துலட்சுமி ஓவென்று அழுதுவிட்டாள்.

அவர் பதறிப்போனார். "ஏன் மகள் அழுறீங்க? நாளைக்கும் பெய்யும்தானே?"

நாளைக்கும் பெய்யும் என்று அவர் சாதாரணமாகச் சொன்ன தோரணையில் அவளுக்கு அழுகை இன்னும் கூடியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பது இதுதான்.

ஐந்தாம் நாள் திரும்பும் விமானத்தில், யாரும் மூச்சு விட மாட்டோம் என்று பிள்ளைகள் என்னிடம் சத்தியம் செய்தார்கள். முத்துலட்சுமி மட்டும் அதில் சேராமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருட வாத்தியார் வேலையில் பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனையோ பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இந்த ஒரு பொய்யை நானே சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். மதுரையிலிருந்து வேனில் வரும்போது சாத்தூர் தாண்டியதும் கரிசல் விரிந்தது. வெடித்துப் பிளந்து, வெயிலில் கறுத்து. கண்டியின் பச்சைக்குப் பிறகு இதைப் பார்த்தால் துக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வீடு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் கோவில்பட்டியில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அழுதேன்பா, ஒரு தடவ. வீட்ட நெனச்சி இல்ல. மழைக்கு வச்ச வாளியெல்லாம் நெறஞ்சி நின்னுச்சி. ஒருத்தர் வந்து அம்புட்டயும் கீழ கொட்டிட்டாரு."

"நெறஞ்ச வாளியவா?"

"ஆமாப்பா."

அவர் இப்போதுதான் மகளைப் பார்த்தார். பிறகு மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு நானும்தான் அழுதிருப்பேன்" என்றார். நாலு எட்டு நடந்தவர் நின்று, என் பக்கம் திரும்பினார். "கோயம்புத்தூர்ல மழ உண்டுமா டீச்சர்?"

"உண்டு அண்ணாச்சி. வாளி ஒண்ணும் குடுத்து அனுப்புங்க" என்றேன்.