என் அளவுக்குச் சுருங்கிய கப்பல்

நீர்மூழ்கிக் கப்பலை நான் கடலில் பார்த்ததில்லை. திருவொற்றியூரில் ஒரு ஷெட்டுக்குள், பிளைவுட்டில் பார்த்திருக்கிறேன். அதுவும் முழுக் கப்பல் இல்லை. எதிரிக் கப்பலைத் தேடிப்போய் அடிக்கிற புது வகைக் கப்பலின் பம்ப் அறை மட்டும். இரும்பில் கட்டிய பிறகு தப்பு தெரிந்தால் செலவு என்று, முதலில் அதே அளவில் மரத்தில் செய்து, ஆளை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். இரும்புக் குழாய்க்குப் பதில் பிளாஸ்டிக் பைப். மாலுமிக்குப் பதில் நான்.

நான் தச்சருக்குப் பலகை பிடிக்கிற கூலியாள். ஒண்ணாவது தாண்டாத படிப்பு, கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி உடம்பு. ஷெட்டில் என்னை வைத்திருந்ததே பாதி என் வாய்க்காகத்தான். இன்ஜினியர் சிரித்துவிட்டால் எனக்கு அன்றைக்கு டீ கூட இனிக்கும்.

பம்ப் அறையிலிருந்து வெளியே வர ஒரு சந்து உண்டு. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவனுக்கு அது ஒன்றுதான் வழி. அதை நாலு விரல் குறைக்கச் சொன்னார் இன்ஜினியர். பலகையை உள்ளே தள்ளி அடித்தோம்.

“இங்க குறைச்சா அடுத்த ரூமை இந்தப் பக்கம் தள்ளலாம். கப்பலோட நீளமே குறையும். இரும்பு மிச்சம், செலவு மிச்சம். எங்க, போய்ட்டு வா பாப்போம்.”

பனியனோடு நுழைந்தேன். நடுவில் விலா எலும்பு மாட்டியது. மூச்சு முழுவதையும் வெளியே விட்டு, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்து, அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

“இன்னா சார், எங்க வூட்டு கக்கூஸவிட தாராளமா கீது! ஒரு கட்டில் போட்டுக் குடு, குடும்பத்தோட வந்துர்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே தாளில் எழுதினார்.

என் தோஸ்து மட்டும் சிரிக்கவில்லை. காத்திவாக்கத்துக்காரன். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து இறால் குறைந்ததும் பலகை தூக்க வந்தவன். வலை இழுத்து விரிந்த தோள் அவனுக்கு.

“மாமு, பொகையில வர்றவன் முதுவுல காத்து பாட்டில் இருக்கும்ல? நீ பனியனோட பூந்துட்டு சீன் போட்டுகினு கீற.”

“அப்ப நீயே மாட்டிட்டுப் போ” என்றார் இன்ஜினியர்.

ஒரு பிளாஸ்டிக் கேனை அவன் முதுகில் கட்டினோம். பாதி போனான். அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“தோஸ்து, அட்வான்ஸ் குடுத்துட்டு அங்கயே குடி வந்துடு” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகுதான் அவன் மூச்சு கேட்டது. நாய் இளைக்கிற மாதிரி. நீட்டிய கை பலகையைப் பிறாண்டத் தொடங்கியது. தச்சர் ரம்பத்தை எடுத்தார்.

பலகையை அறுத்து இழுத்தபோது அவன் தோளில் தோல் உரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்தான்.

“இங்க ரம்பம் போட்டு எடுத்தீங்க. அங்க இரும்ப எவன்டா அறுப்பான்?”

“இவன் ஓவர் சைஸ்ப்பா. அந்த வேலைக்கு ஒல்லியா ஆள் எடுத்துக்குவாங்க” என்றார் இன்ஜினியர்.

முதல் தடவையாகக் கேலி இல்லாமல் பேசினேன்.

“சார், நானும் மூச்ச வுட்டுட்டுதான் சார் வந்தேன். பாட்டில் மாட்டினா நானும் உள்ளதான். அந்த நாலு விரல வுட்டுரு சார்.”

இன்ஜினியர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “மூஞ்சிய பாரு! இவன டிவியில போடணும்ப்பா.”

“நெசமா சொல்றேன் சார்!” என்று கத்தினேன். சிரிப்பு இன்னும் ஏறியது. அத்தனை வருஷம் நான் பழக்கிவைத்த சிரிப்பு.

தாளை நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“ஆள் சிரமமில்லாம வெளிய வந்தாருன்னு. கையெழுத்துப் போடு.”

எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் ஒன்றுதான். அதைப் போட்டேன்.

மறுநாள் தோஸ்து வரவில்லை. அறுத்த இடத்தில் தச்சர் புதுப் பலகை வைத்து, அதே அளவுக்கு ஆணி அடித்தார். பலகையைப் பிடித்துக்கொண்டவன் நான்.